நெய்வேலி ஓட்டலின் வெள்ளை கவுன் பேய் நான்தான்

முதலில் ஒரு திருத்தம். நான் கொலை செய்யப்படவில்லை.

நெய்வேலி நகரியத்துக்கு வெளியே, வடலூர் சாலையில் உள்ள ஓர் ஓட்டலில் 'வெள்ளை கவுன் பேய்' உலவுவதாக இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். 1961இல் அங்கே ஆறாம் அறையில் தங்கியிருந்த இன்ஜினியர், மனைவியைக் கொன்று பெட்டியில் அடைத்து, சுரங்க மண்ணில் புதைத்துவிட்டாராம். அந்த மனைவி நான். என் கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவரால் மறுக்க முடியாது, என்னால் முடியும். இதைப் பற்றி மகள் அனுப்பிய வீடியோவைப் பார்த்த மறுவாரமே கிளம்பிவிட்டேன்.

கடலூரிலிருந்து காலை ஏழு மணிக்கு வாடகைக் கார். குள்ளஞ்சாவடியில் இட்லி (சட்னி சுமார்). எட்டே முக்காலுக்கு ஓட்டல் வாசல். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். போக வர இரண்டாயிரத்து நானூறு ரூபாய். டிரைவர் செல்வம் என்னை 'ஆயா' என்றார். நான் படித்த கான்வென்டில் ஆயா என்றால் குழந்தைகளுக்கு மூக்குத் துடைப்பவர். கடலூர்ப் பக்கம் பாட்டி என்று பொருள். பொறுத்துக்கொண்டேன்.

"அந்த ஓட்டலா? வேணாங்க ஆயா. விடியக்காலைல வெள்ளை கவுனோட வராண்டாவுல நடந்துகினே இருக்குமாம். இங்கிலீஷ்ல பேசுமாம்."

"என்ன பேசுமாம்?"

"அதான் யாருக்கும் புரியலங்களே!"

"என் உச்சரிப்பில் ஒரு குறையும் கிடையாது" என்றேன். செல்வம் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அப்போது அது ஓட்டல் அல்ல. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை இன்ஜினியர்கள் வாடகைக்குத் தங்கிய அறைகள். என் கணவருக்குப் பம்புகளில் வேலை. நிலக்கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீரை இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும். விடியற்கால ஷிப்டுக்கு அவரைச் சைக்கிளில் அனுப்பிவிட்டு, இரவு உடையோடு வராண்டாவில் நடந்தபடி ஆங்கிலக் கவிதைகளை வாய்விட்டுச் சொல்வேன், மறந்துவிடக் கூடாதே என்று. அந்தப் பக்கம் யாரும் அதுவரை நைட் கவுன் பார்த்ததில்லை.

ஆறாம் அறையைத் திறந்து காட்டினார்கள். அதே ஜன்னல்! அதே கிழக்கு வெயில்! ஆணியில் என் கவுன் என்று ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நைலான், கை இல்லாதது. என்னுடையது மணிக்கட்டுவரை மூடிய லாங்கிளாத் பருத்தி.

பெட்டியும் உண்மை. ஏழாம் மாதம் பிரசவத்துக்குத் திருச்சி போனேன். அதற்குள் குவார்ட்டர்ஸ் கிடைத்து, அவர் தனியாளாக என் பெட்டியை லாரியில் ஏற்றினார். உள்ளே தையல் மெஷின். பிணக்கனம் கனக்கும்.

ஆனால் நான் எப்படிச் செத்தேன்? விடை எதிர்ப்புற டீக்கடையில் கிடைத்தது. கடைக்கார அஞ்சலை, எங்களுக்குச் சமைத்த முனியம்மாவின் மகள்.

"நான்தான் ஆறாம் நம்பர் ரூம் அம்மா" என்றேன்.

"அய்யோ, செத்துப்போன அம்மாவா!"

"செத்திருந்தால் சர்க்கரை இல்லாத டீ கேட்பேனா?"

அஞ்சலை என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "'போயிட்டு வரேன்'னு சொல்லாம 'போகிறேன்'னுட்டுப் போச்சுடி அந்தம்மான்னு எங்கம்மா பொலம்பிகினே இருக்கும். யாரு கேட்டாலும் 'அம்மா போயிட்டாங்க'ன்னு கண்ணைக் கசக்கும்."

அன்று அந்த அறைக்குத் திரும்பும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. வராத இடத்துக்கு வருகிறேன் என்பது பொய். ஆகவே 'போகிறேன்' என்றேன். முனியம்மாவுக்கு அது அபசகுனம். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு 'போயிட்டாங்க' என்பது மரணம். பெட்டி பிறகு கதையில் தானாக வந்து சேர்ந்துகொண்டது.

நேராக மேனேஜரிடம் போய், வரவேற்பறையில் வைத்திருந்த பேய்க்கதை அட்டையைக் காட்டினேன்.

"மேடம், அந்தக் கதைக்காகத்தான் ஜனங்க வர்றாங்க" என்று நெளிந்தார்.

"பேய் இருக்கட்டும். கொலைகாரர் வேண்டாம்."

"ஓனரைக் கேட்டுச் சொல்றேன் மேடம்."

போகிறவர்களுக்கு: பத்து மணிக்குள் போங்கள், பிறகு வெயில் தாங்காது. வராண்டா தரை வழுக்கும். சாப்பாட்டுக்கு நகரியத்துக்குள் போய்விடுங்கள். டீ மட்டும் அஞ்சலை கடையில்.

காரில் ஏறும்போது அஞ்சலை கதவைப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தடவை ஒழுங்கா சொல்லிட்டுப் போங்கம்மா."

"போயிட்டு வரேன்" என்றேன். சொல்லிவிட்டதால் மறுபடி போயாக வேண்டும்.

அதற்குமுன் ஓட்டல் உரிமையாளருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வரவேற்பறை அட்டையில் 'கணவர் கொன்றார்' என்றிருக்கும் வரியை நீக்குவீர்களா? தொலைபேசியில் சொல்ல வேண்டாம்; வாய்வார்த்தையால் நான் ஒருமுறை செத்தது போதும். கையெழுத்திட்டு, எழுத்தில் பதில் அனுப்புங்கள்.