கூன் விழுந்த காரும் அறுபத்தொன்றாம் ஆண்டுச் சிப்பியும்

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில், தோணிகளுக்கு வேண்டிய கயிறும் பாய்த்துணியும் விற்றுவந்த இஞ்ஞாசி பர்னாந்திடம் கடை ஒன்று இருந்தது. கதை ஒன்றும் இருந்தது. கடையைக் காலை எட்டு மணிக்குத் திறந்து பகல் ஒரு மணிக்கு மூடுவார். கதைக்கு அப்படி நேரம் காலம் கிடையாது. இரண்டு முழம் கயிறு கேட்டு வந்தவர்கூட, கயிற்றை அளந்து முடிப்பதற்குள் அந்தக் கதையை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கதை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் ஆண்டு முத்துக்குளிப்பைப் பற்றியது. மூழ்கி எடுத்த சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் குவித்து, அவற்றின் வாயைத் திறக்காமல் அப்படியே ஏலம் விடுவது இக்கரையின் முறை. உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது ஏலம் விட்டவருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது. எடுத்த பிறகும் மொத்தச் சரக்கைக் கத்தியால் பிளப்பதில்லை. வேலி அடைத்த இடத்தில் குவித்து, ஈ மொய்க்க விட்டுவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் சதை அழுகி, சிப்பி தானாக வாய் திறக்கும். பிறகு அதை மரம் குடைந்த வள்ளத்தில் கொட்டிக் கடல்நீரில் அலசி, அடியில் தங்குவதைப் பொறுக்குவார்கள்.

அவ்வாண்டு, பாசி படர்ந்து முதுகு கூனிப் போன சிப்பிகள் கொண்ட ஒரு குவியலை எவரும் சீண்டவில்லை. இஞ்ஞாசி மட்டும் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, முகர்ந்து பார்த்து, ஏலத்தில் எடுத்தார். பதினோராம் நாள் அதிலிருந்து கொண்டைக்கடலைப் பருமனில் ஒரு முத்து வந்தது. முத்து, வந்த விலைக்கு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. கதை அவரிடம் தங்கிவிட்டது.

அவருடைய மைத்துனன் ஹென்றிக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. அவன் துறைமுகத்தில் பளுதூக்கி எந்திரம் இயக்குபவன். கண்ணால் பார்த்ததை மட்டுமே தூக்குகிறவன்.

"அது கண்ணுமில்ல, கணக்குமில்ல அத்தான், குருட்டாம்போக்குல விழுந்தது" என்பான்.

"அடுத்த குளிப்பு வரட்டும்லே, காட்டுதேன்" என்பார் இஞ்ஞாசி.

அடுத்த குளிப்பு வரவில்லை. ஒன்றல்ல, பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. சிப்பியை வெளியே பார்த்து உள்ளதைச் சொல்லும் கண், பார்ப்பதற்குச் சிப்பி இல்லாமல் பாய்த்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுபத்து நான்காம் ஆண்டு ஜூலை மாதம், அவர் மனைவி பிலோமி ஒரு விண்ணப்பத்தை முன்வைத்தாள். செப்டம்பரில் மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போய்வர அவள் முழங்கால் இடம் தரவில்லை. நாலு பேர் போல ஒரு பழைய கார் வாங்கினால் என்ன? இஞ்ஞாசிக்கும் அது நியாயமாகவே பட்டது. துறைமுகக் கிடங்கில், உரியவர் வந்து எடுக்காத பொருள்களை ஏலம் விடும் நாளில் போய் நின்றார்.

கப்பல் முகவர் அலுவலகத்து எழுத்தர் சிவசுப்பிரமணியன் அவருக்குப் பழக்கமானவர். கறுப்பு நிறத்தில், நான்கு கதவுகளோடு நின்ற ஒரு காரை அவர் காட்டினார்.

"இந்தா பாருங்க அண்ணாச்சி, ஸ்டார்ட் பண்ணியே காட்டுதேன். குடும்பத்துக்கு ஏத்த வண்டி."

கறுப்புக் கார் இருமிவிட்டு ஒழுங்காக உறுமியது. இஞ்ஞாசியின் கண் அதைத் தாண்டிப் போய் மூலையில் நின்றது. அங்கே புழுதி மூடிய கார் ஒன்று இருந்தது. இரண்டே கதவுகள். நெற்றியிலிருந்து எழும்பி, பின்புறம் வழிந்து இறங்கும் கூரை. சரியாகச் சொன்னால், முதுகு கூனிய கார்.

"அது என்ன தம்பி?"

"அது ஜெர்மன் வண்டி அண்ணாச்சி. அங்கன புதுசா உத்தியோகத்துக்குப் போற பயலுவ, பெரிய சொகுசு வண்டி வாங்கக் காசு காணாதுன்னா, மொதல்ல இத வாங்கி வேகமா ஓட்டுவானுவளாம். ஒரு கப்பல் இன்ஜினியர் கொண்டாந்தாரு. பேப்பர் சரியில்லன்னு விட்டுட்டுப் போயிட்டாரு. சாவியும் அவரோட போயிட்டு. கதவும் தொறக்காது, பானெட்டும் தொறக்காது. கம்பி வச்சு நெம்பச் சொல்லட்டுமா? உள்ள என்ஜின் கிடக்கா, காக்கா கூடு கட்டியிருக்கான்னாவது பாத்துக்கிடலாம்."

இஞ்ஞாசி அதிர்ந்துபோனார்.

"ஏலத்துக்கு முன்னாலயா? எந்த ஊர்ல தம்பி சிப்பியப் பொளந்து காட்டி ஏலம் விடுதான்?"

"இது காரு அண்ணாச்சி."

"மூடியிருக்குல்ல? அப்ப முறை ஒண்ணுதான்."

அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பானெட்டின் இடுக்கில் மூக்கை வைத்து மூன்று முறை இழுத்தார். கூரையின் கூனில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பழைய இரும்பு வாங்க வந்திருந்த ஒருவர் மட்டும் போட்டிக்கு இருந்தார்; இதைப் பார்த்ததும், ஏதோ வேண்டுதல் போலும் என்று அவரும் ஒதுங்கிக்கொண்டார். கார் இஞ்ஞாசிக்கு விழுந்தது.

எட்டுப் பேர் தள்ளிவந்து, வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்த முற்றத்தில் அதை நிறுத்தினார்கள். பிலோமி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மணப்பாட்டுக்கு எப்பம் போவும்?"

"மொதல்ல அழுவட்டும்."

"எது?"

"வண்டிதான். உப்புக் காத்துல கிடக்கட்டும். தானா வாயத் தொறக்கும். அப்புறம் உள்ள இருக்கத எடுக்கலாம்."

பிலோமி காரைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாலையில் ஹென்றி வந்து, சிரிப்பதற்கு வசதியாகக் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துகொண்டான்.

"உள்ள என்ஜினே இல்லன்னா என்ன செய்விய அத்தான்?"

"அருமையான என்ஜின் இருக்குலே. நான் கை வச்சுப் பாத்தேன்."

"அறுபத்தொண்ணுல பாத்த மாதிரியா?"

அந்த இடத்தில்தான் ஒப்பந்தம் உண்டாயிற்று. கார் தானாகத் திறக்கும் வரை, இஞ்ஞாசி அறுபத்தொன்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்ததும் உள்ளே நல்ல என்ஜின் இல்லையென்றால், சாகும் வரை அந்தக் கதையைச் சொல்லவே கூடாது. இருந்தால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, ஹென்றியே மாதா கோவில் வாசலில் நின்று அந்தக் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வேண்டும்.

இஞ்ஞாசி கணக்குப் போட்டுப் பார்த்தே ஒப்புக்கொண்டார். சிப்பிக்குப் பன்னிரண்டு நாள். இந்தக் கரையில் துருவேறித் திறக்கத் தகரப் பெட்டிக்கு மூன்று மாதம். நங்கூரத்துக்கு இருபது வருடம். கார், தகரப் பெட்டிக்கும் நங்கூரத்துக்கும் இடையில், ஆனால் பெட்டிக்கு அருகில். ஆகவே ஓராண்டு.

ஓராண்டு ஆயிற்று. வண்ணம் மட்டும் கொப்புளித்தது. பழுது பார்க்கும் தேவபிரசாதம் மாதம் ஒருமுறை கருவிப் பையோடு வந்து, "அஞ்சு நிமிசம் குடுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சிவிட்டுத் திரும்பினார். ஜெர்மன் என்ஜின் ஒன்றைக் கண்ணால் காணாமலே தம் தொழில் முடிந்துவிடுமோ என்ற கவலை அவருக்கு.

கதையைச் சொல்லக் கூடாது என்பதை இஞ்ஞாசி தாங்கிக்கொண்டார். பிறர் சொல்வதைத் திருத்த முடியாததுதான் அவரை வதைத்தது. அவர் நிறுத்தியதும், ஊர் அதை எடுத்துச் சொல்லத் தொடங்கியிருந்தது. உடன்குடியிலிருந்து கருப்பட்டிச் சிப்பம் கட்டக் கயிறு வாங்க வந்த ஆறுமுகநயினார், அவர் முன்னாலேயே மற்றொரு வாடிக்கையாளரிடம் சொன்னார்:

"அண்ணாச்சி லேசுப்பட்ட ஆள் இல்ல வே. அறுபத்தொண்ணுல கடுகு அளவுல ஒரு முத்து எடுத்தாவளாம்."

இஞ்ஞாசியின் வாய் திறந்தது. முற்றத்தில் காரின் வாய் மூடியே இருந்தது. அவரும் மூடிக்கொண்டார்.

இரண்டாம் ஆண்டில் அந்தச் சிப்பி ஏலத்தில் எடுத்ததாக அல்லாமல், வழியில் கிடந்ததாக மாறிற்று. மூன்றாம் ஆண்டில், முத்தைக் கண்டெடுத்ததே ஹென்றி என்று தோணித்துறையில் ஒருவர் அடித்துச் சொன்னார். அன்று இஞ்ஞாசி கடையை அரைமணி முன்னதாக மூடிவிட்டு வந்து, காரின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பானெட்டின் இடப்பக்க மூலையில் மட்டும் துரு நன்றாகத் தின்றிருந்தது. வாடைக்காற்று அந்த மூலையில்தான் நேரே அடிக்கிறது என்று கண்டறிந்து, காரை ஒரு முழம் திருப்பி வைத்தார். அதன் பிறகும் அதே மூலையைத்தான் துரு தின்றது. காற்றின் போக்கு அவருக்கு விளங்கவில்லை.

வீட்டிலும் அவருக்குப் பேச்சு இல்லாமல் போயிற்று. முன்பெல்லாம் மீன் விலையில் தொடங்கினாலும், பேச்சு அறுபத்தொன்றில்தான் போய் முடியும். முடியும் இடம் அடைபட்டதால் அவர் தொடங்குவதையே விட்டுவிட்டார். "குழம்பு நல்லாருக்கு" என்பார். பிறகு தட்டின் ஓசை மட்டும் கேட்கும்.

எழுபத்தெட்டாம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, முற்றத்தில் இரும்புச் சட்டி உருண்டதைப் போல ஓசை கேட்டது. பானெட், கீல் அற்று, தானாகக் கழன்று மணலில் கிடந்தது. முதலில் ஓடிவந்தவர் தேவபிரசாதம். கடைசியில் வந்தவன் ஹென்றி. ஆனாலும் முன்னால் இடம் பிடித்துக்கொண்டான். தேவபிரசாதம் தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது கண் கலங்கியிருந்தது.

"அருமையான என்ஜின் அண்ணாச்சி. அங்கிட்டு இங்கிட்டு அசைக்காத சரக்கு. நாலு வருசத்துக்கு முன்னால தொறந்திருந்தா மணப்பாடு என்ன, மெட்ராசுக்கே போயிருக்கலாம்."

"இப்பம்?" என்றான் ஹென்றி.

"இப்பம் துரு தின்னுட்டு, பழைய இரும்பு எடைக்குத்தான்."

"அருமையான என்ஜின்! கேட்டியால?" என்றார் இஞ்ஞாசி.

"எடைக்குத்தான்னாரே, அது காதுல விழலயா அத்தான்?"

"அது சதைலே. சதை அழுவத்தான் செய்யும். அலசாம முடிவு சொல்லக் கூடாது."

முறை என்று வந்துவிட்ட பிறகு அவரைத் தடுப்பார் இல்லை. பக்கத்து வீட்டு வளவிலிருந்து சிறு வள்ளம் ஒன்றை இழுத்துவந்து, கடல்நீர் நிரப்பி, துருவும் குழாயும் திருகாணியுமாக உள்ளே இருந்ததையெல்லாம் அள்ளிப் போட்டு அலசினார்கள். நான்காம் அலசலில் அடியில் ஒரு சின்னப் பித்தளை டப்பி தங்கியது. இஞ்ஞாசி இரு விரலால் எடுத்துத் திறந்தார். மெழுகுத் துணி. துணிக்குள், நேற்றுச் செய்தது போல மின்னும் ஒரு சாவி. முன்யோசனை உடைய அந்தக் கப்பல் இன்ஜினியர், மாற்றுச் சாவியைப் பத்திரமாகப் பானெட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

இஞ்ஞாசி சாவியைக் கதவில் இட்டு, தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் திருப்பினார். கதவு திறந்தது. உள்ளே, நான்காண்டாகக் காற்றுப் படாத சிவப்புத் தோல் இருக்கைகள் புத்தம்புதிதாக இருந்தன. பிலோமி யாரையும் கேட்காமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஏறி உட்கார்ந்தாள்.

"சொகமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கணவரை அருகில் அழைத்து, மெல்லச் சொன்னாள்: "ஒண்ணு சொல்லணும். அரிசி கழுவுன தண்ணியில ரெண்டு கை உப்பப் போட்டு, மூணு வருசமா தெனமும் அந்த மூலையில நாந்தான் ஊத்துனேன்."

"ஏன்ளா?"

"வீடு வீடாவா இருந்துச்சு? அந்தக் கதையக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுதான் கிடந்துச்சு. அது நின்ன பொறவு, அடுப்பு எரியுத சத்தம்கூடப் பெருசாக் கேக்க ஆரம்பிச்சிட்டு."

இஞ்ஞாசி கலங்கினார். கார் தானாகத் திறந்ததா, திறக்கப்பட்டதா? முறை மீறப்பட்டதென்றால் ஒப்பந்தமே செல்லாது. சாவியைக் கையில் உருட்டியபடி கிணற்றைச் சுற்றி இரண்டு நடை நடந்துவிட்டு வந்தார்.

"ஈயும் வெளிய இருந்துதான வருது? அதுக்கு யாரு கணக்குக் கேட்டா? செல்லும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அருமையான என்ஜின் என்று தேவபிரசாதமே சொல்லிவிட்டதால், ஹென்றிக்கு மறுக்க வழியில்லை. பூசை முடிந்து சனம் வெளியேறும் வாசலில் ஹென்றி நின்றான். தோற்றவன் முகத்தில் இருக்கக் கூடாத ஒரு மலர்ச்சி அவன் முகத்தில் இருந்தது. அறுபத்தொன்றாம் ஆண்டிலிருந்து தொடங்கி, ஏலம், கூன், ஈ, பதினோராம் நாள் என்று வரிசை பிசகாமல் சொன்னான். முத்து வெளிவரும் இடத்தில் இரண்டு கையையும் அகல விரித்தான்.

"எங்க அத்தான் எடுத்த முத்து, ஒரு பனங்காய்ப் பருமன்!"

கூட்டம் குபீரென்று சிரித்தது. ஒப்பந்தப்படி கதையைச் சொல்லிவிட்டான். ஒருவரும் நம்பாதபடி சொல்லிவிட்டான். இஞ்ஞாசிக்குக் காது சிவந்தது. சும்மா இருந்தால் ஊர் வாயில் அவர் முத்து என்றைக்கும் பனங்காய்தான்.

"பொய் சொல்லாதலே!" என்று கூட்டத்தின் நடுவிலிருந்து கத்தினார். "கொண்டைக்கடலைதாம்லே! ஒரு பக்கம் லேசாச் சப்பையாவும் இருந்துச்சு!"

சிரிப்பு நின்றது. சப்பை விவரம் அதுவரை கதையில் இருந்ததே இல்லை. பதினேழு ஆண்டுகளாக அவர் விழுங்கி வைத்திருந்தது. தம் முத்தைத் தாமே சிறிதாக்கும் ஒரு மனிதரைக் கூட்டம் ஏற இறங்கப் பார்த்தது.

"அப்பம் நெசமாத்தான் எடுத்திருக்காவ" என்றாள் ஒரு கிழவி.

ஹென்றி விரித்த கைகளைத் தொங்கவிட்டான்.

மணப்பாட்டுத் திருவிழாவுக்கு அவ்வாண்டும் அவர்கள் பேருந்தில்தான் போனார்கள். பிலோமிக்குச் சன்னலோரம் இடம் கிடைத்தது. கார்ச் சாவி அவள் கைப்பையில் இருந்தது. திருச்செந்தூர் தாண்டியதும், அடுத்த இருக்கைக்காரர் வாய் தவறி, "அண்ணாச்சிக்கு என்ன சோலி?" என்று கேட்டுவிட்டார். இஞ்ஞாசி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கயிற்றுக் கடையில் தொடங்கினார். அறுபத்தொன்று வருவதற்குள் பிலோமி சன்னலில் தலை சாய்த்து நன்றாக உறங்கியிருந்தாள்.