பதினெட்டாவது பொன்னாடை

கூட்ட அறிக்கை என்பது கூட்டத்தில் நடந்ததை எழுதிவைப்பது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. மிகுந்த மனவருத்தத்தோடு இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்கு வந்தவர்கள், தாங்கள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று வீட்டுக்குப் போன பிறகு நினைக்கிறார்களோ, அதை எழுதிவைப்பதற்குப் பெயர்தான் கூட்ட அறிக்கை. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் சேர்ந்த ஒரு ரொறன்ரோ ஒன்றியத்தில் ஒன்பது வருடம் இந்தக் கிளாக்கர் உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன். என்னைப்போல் எங்காவது பேனாவோடு அகப்பட்டுக்கொண்டவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குப் புரியும்.

தேத்தண்ணிப் பக்கமும் கதவுப் பக்கமும்

எங்கள் ஒன்றியத்தில் இரண்டு கட்சிகள். கொள்கை வேறுபாடு என்னவென்று ஒன்பது வருடம் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு கட்சி தேத்தண்ணிப் பொயிலருக்குப் பக்கத்தில் இருக்கும், மற்றது கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். தேத்தண்ணிப் பக்கத்துக்குத் தலைவர் குணம் அண்ணை. ஒன்றியத்துக்கும் அவர்தான் தலைவர். கதவுப் பக்கத்துக்குத் தில்லையம்பலம் மாஸ்டர், இளைப்பாறிய கணித ஆசிரியர்.

அரசாங்கத்தோடும் எம்.பி.மாரோடும் பேசவேண்டியவர் எங்கள் வெளித்தொடர்புச் செயலாளர். அந்தப் பதவியில் இருந்தவர் பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கல்கரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. அந்த இடத்துக்குக் குணம் அண்ணை முன்மொழிந்தது ரஞ்சினி மரியதாஸ் அக்காவை. மன்னாரைச் சேர்ந்தவர், இளைப்பாறிய தாதி. யாப்பின்படி, அதாவது ஒன்றியத்தின் சட்டவிதிகளின்படி, தலைவர் முன்மொழிந்தால் போதாது, பொதுச்சபை ஏற்றுக்கொள்ள வேண்டும். கதவுப் பக்கம் ஏற்க மறுத்தது. காரணம், ஜனவரியில் எங்கள் பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்த எம்.பி. ஒருவரிடம் அக்கா ஒலிவாங்கியை வாங்கிக் கேட்ட கேள்வி:

"வேட்டி நல்லாயிருக்கு, சேர். போன பொங்கலுக்குத் தந்த வாக்கு எங்கை?"

ஜாக்கெட்

மண்டபத்தில் கதிரை போடுவதும் பொயிலர் வைப்பதும் யோகன். நாற்பத்திரண்டு வயது. மனைவியோடும் ஏழு வயது மகளோடும் ரெக்ஸ்டேலில் ஒரு பேஸ்மெண்டில் இருந்தான். அவனுடைய அகதிக் கோரிக்கை தள்ளுபடியாகி, மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. சமூக அமைப்பு ஒன்றின் கடிதத்தோடு யாராவது எம்.பி.யிடம் போய் நேரில் பேசினால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

அரசாங்கத்துக்குப் போகும் கடிதத்தில் வெளித்தொடர்புச் செயலாளர் மட்டுமே கையெழுத்து வைக்கலாம் என்கிறது எங்கள் யாப்பு. தலைவர் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒருமுறை வைத்தார், நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. அதன் பிறகு அவர் பிறந்தநாள் அட்டையில்கூடக் கையெழுத்து வைப்பதில்லை. அந்த யாப்பை முழுமையாக வாசித்தவர்கள் உலகில் இரண்டே பேர்: இருபது வருடத்துக்கு முன் அதை எழுதிய தில்லையம்பலம் மாஸ்டர், அதைப் பிறகு கணினியில் ஏற்றிய நான்.

யோகன் கொதிக்கும் பொயிலருக்குப் பக்கத்தில் நின்றாலும் குளிர் ஜாக்கெட்டைக் கழற்றமாட்டான். சிப் கழுத்துவரை ஏறியிருக்கும். உள்பையில் அவனுடைய பத்திரங்கள் எல்லாம் இருந்தன. ஏனடா இப்படி அவிந்துபோகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"வந்து கூப்பிட்டால், உடுப்பு மாத்த நேரம் தருவினமோ தெரியாது, அண்ணை."

இரண்டு தொலைபேசி அழைப்புகள்

வேட்டிக் கேள்வியை விழா அறிக்கையில் ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதியிருந்தேன். நேர்மையால் வந்த தவறு அது. ஞாயிறு காலை குணம் அண்ணை அழைத்தார். "கேட்டார்" என்பதை எடுத்துவிட்டு "அன்போடு நினைவூட்டினார்" என்று போடட்டாம். மத்தியானம் மாஸ்டர் அழைத்தார். கேள்வி அப்படியே இருக்கட்டும், "கேட்டார்" என்ற இடத்தில் "கத்தினார்" என்று போடு என்றார். அக்கா கத்தவில்லை, அவருடைய குரலே அப்படித்தான் என்றேன். மாஸ்டர் மிகவும் அன்பாகச் சொன்னார்:

"தம்பியின்ரை ஒப்பந்தம் ஏப்ரிலிலைதானே முடியுது? சும்மா கேட்டனான்."

கார்த் தரிப்பிடத்தில்

பெப்ரவரி முதல் சனிக்கிழமை அக்காவை ஏற்கும் வாக்கெடுப்பு. கூட்டம் செல்லுபடியாக அறுபது பேர் வேண்டும். கையைத் தூக்குங்கள் என்று தலைவர் சொன்னதுதான் தாமதம், கதவுப் பக்கம் ஒரே ஆளாக எழும்பி வெளியே போய்விட்டது. எண்ணினேன், உள்ளே ஐம்பத்திநான்கு. வெளியே சைபருக்குக் கீழே பத்தொன்பது. அவர்கள் கார்களில் ஏறி ஹீற்றரைப் போட்டுக்கொண்டார்கள். மாஸ்டர் மட்டும், தலைவன் வெளியே நிற்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, பனிக்குள் நின்றார். யோகன் கண்ணாடிக் கதவடியில் நின்று, ஆறு பேர் திரும்பி வருவார்களா என்று ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது. எண்ணினானா, செபித்தானா, தெரியாது.

கடைசியில் அக்காவே தலைக்குத் தொப்பிகூட இல்லாமல் வெளியே போனார். ஒருவரும் அசையவில்லை, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் அவர் மாஸ்டரிடம் சொன்னது உள்ளே எனக்கே கேட்டது:

"உள்ளுக்கை வந்து எனக்கு எதிராக் கையைத் தூக்குங்கோ. உதிலை நிண்டு நியூமோனியா வந்தால் நான்தான் பாக்க வேணும்."

குரல்பதிவு

அடுத்த சனிக்கிழமை கதவுப் பக்கம் புது உபாயத்தோடு வந்தது. வாக்கெடுப்புக்கு முன் விசாரணையாம். மூன்று வருடத்துக்கு முன் அக்கா யாருக்கோ அனுப்பிய வாட்ஸப் குரல்பதிவை எங்கிருந்தோ தோண்டி எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டார்கள். "உந்த ஒன்றியத்திலை ஒழுங்கா வேலை செய்யிறது தேத்தண்ணிப் பொயிலர் ஒண்டுதான்" என்று அக்காவின் குரல் மண்டபத்தை நிரப்பியது. தேத்தண்ணிப் பக்கத்திலேயே சிலர் முகம் சுளித்தார்கள். குணம் அண்ணை நெற்றியைத் துடைத்தார். இதற்கு மன்னிப்புக் கேட்கிறீர்களா என்று மாஸ்டர் நீதிபதி மாதிரிக் கேட்டார். "வருந்துகிறேன்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அன்றே வாக்கெடுப்பு முடிந்துவிடும். சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். யோகனும் கெஞ்சியிருப்பான். அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அது மூண்டு வருசத்துக்கு முந்தி. இப்ப பொயிலரும் பழுது."

பொன்னாடைகள்

அந்தக் கூட்டம் விசாரணையோடேயே முடிந்தது. மூன்றாவது சனிக்கிழமை. யோகன் போக வேண்டிய செவ்வாய்க்கு இன்னும் பத்து நாள். தலைகளை எண்ணிப் பார்த்ததில் அக்காவுக்கு மூன்று வாக்குகள் கூட இருந்தன, கதவுப் பக்கம் வெளியே போனாலும் உள்ளே அறுபதுக்குக் குறையாது. மாஸ்டருக்கும் எண்ணத் தெரியும். ஆனால் மண்டபம் எங்களுக்கு ஐந்து மணி வரைதான். அதன் பிறகு விசிறி நடனம் பழகும் சீன மூதாட்டிகளுக்கு. ஐந்தைத் தாண்டினால் அடுத்த கூட்டம் மார்ச் இரண்டாம் சனிக்கிழமைதான், அதற்குள் செவ்வாய் போய்விடும்.

இரண்டரைக்கு மாஸ்டர் எழும்பி, வாக்கெடுப்புக்கு முன் சிலரைக் கௌரவிக்க வேண்டும் என்றார். கதவுப் பக்கம் ஒரு பெட்டியைத் திறந்தது. உள்ளே பதினெட்டுப் பொன்னாடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புகழுரை, போர்த்தல், படம், யாரோ கண்ணை மூடிவிட்டதால் இன்னொரு படம், ஏற்புரை. பொன்னாடை போர்த்தும்போது எழும்பி "நிறுத்துங்கோ" என்று சொல்லும் தமிழர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மூன்றாவது பொன்னாடை குணம் அண்ணைக்கு. தன் கழுத்தைத்தான் நெரிக்கிறார்கள் என்று தெரிந்தும் மனிதர் சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றார். நான்கு முப்பத்தெட்டுக்குப் பதினேழு முடிந்துவிட்டன. விசிறிகளோடு மூதாட்டிகள் கதவடிக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு பொன்னாடை மிச்சம். மாஸ்டர் சுற்றிப் பார்த்தார். போர்த்தப்படாதவர்களில் நின்ற நிலையில் கண்ணில் பட்டவன் யோகன். "எங்களுக்கு நெடுநாளாக் கதிரை போடுற தம்பி..." என்று ஒலிவாங்கியில் தொடங்கினார். கமரா திரும்பியது. யோகன் பின்வாங்கிப் பொயிலர் மேசையில் முட்டினான். முகத்தில் இரத்தமே இல்லை.

"படம் எடுக்காதேங்கோ, மாஸ்டர். பேஸ்புக்கிலை போட்டிடாதேங்கோ. என்ரை பேரை மைக்கிலை சொல்லாதேங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்."

பதினான்காம் பிரிவு

மாஸ்டர் கொடியவர் அல்ல. யோகனை நாட்டைவிட்டுப் போகச் சொல்லி வந்த கடிதம் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பொன்னாடை பிடித்த கை அந்தரத்தில் நின்றது. யாருக்காவது போர்த்தியாக வேண்டும். முன்வரிசையில் ரஞ்சினி அக்கா இருந்தார். ஒலிவாங்கி கிடைத்தால் அவர் இலேசில் விடமாட்டார், ஐந்து மணி தாண்டும் என்று மாஸ்டர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள், கதவுப் பக்கமும் சேர்த்து.

எனக்கு யாப்பின் பதினான்காம் பிரிவு நினைவுக்கு வந்துவிட்டது. ஏப்ரிலும் நினைவுக்கு வந்தது. யோகனைப் பார்த்தேன். எழும்பி, யாப்புத் தாளை எடுத்து, என் குரல் எனக்கே கேட்காத மாதிரி வாசித்தேன்: "முன்மொழியப்பட்டவரைப் பொதுச்சபை பொன்னாடை போர்த்தி ஏற்றுக்கொண்டால், மனக்கசப்பைத் தவிர்க்கும் பொருட்டு, தனி வாக்கெடுப்புத் தேவையில்லை." கதவுப் பக்கம் கொதித்து எழும்பியது. செல்லாது, பிழை, கிளாக்கர் காசு வாங்கிவிட்டான் என்று கூச்சல். மாஸ்டர் என் கையிலிருந்த தாளை வாங்கி, கண்ணாடியை உயர்த்தி இரண்டு தரம் வாசித்தார். பிறகு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"யாப்பு நான் எழுதினது. அதிலை பிழை இருக்காது. எல்லாரும் இருங்கோ."

கடிதம்

அன்று மாலையே கடிதத்தை எழுதினேன். "மேன்மைதங்கிய" என்று மூன்று இடத்தில் போட்டிருந்தேன், "தாழ்மையுடன்" என்று ஐந்து இடத்தில். அக்கா தன் பேனாவால் எட்டையும் வெட்டி, ஏழு வயதுப் பிள்ளையின் பள்ளிக்கூடம், யோகனின் வேலை, திகதி என்று நான்கு வரியில் முடித்துக் கையெழுத்து வைத்தார். இவ்வளவு வெளிப்படையாக எழுதினால் கோபித்துக்கொள்வார்களே என்றேன். "பயந்து எழுதின கடிதத்தை ஆரும் முழுக்க வாசிக்கமாட்டினம், தம்பி" என்றார்.

திங்கட்கிழமை யோகனைக் கூட்டிக்கொண்டு, வேட்டி கட்டி வந்த அதே எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனார். நான் போகவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பின்னேரம் யோகன் அழைத்தான்.

"அக்கா கதிரையை விட்டு எழும்பவே இல்லை, அண்ணை. 'பதில் வரட்டும், அதுவரைக்கும் இருக்கிறன்' எண்டு இருந்திட்டா. நான் பயத்திலை தெப்பமா நனைஞ்சுபோனன்."

ஒன்பது வருடத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: ஒருவரை ஏற்காமல் விடுவதற்கு எங்கள் சனத்திடம் ஆயிரம் காரணம் இருக்கும், ஆனால் கையில் ஒரு பொன்னாடை மிஞ்சினால் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மட்டும் மனம் வராது.

கொஞ்ச அவகாசம் கிடைத்து, அந்தச் செவ்வாய் கழிந்த பிறகு, மார்ச் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் கதிரை போட்டவன் யோகன். ஜாக்கெட்டின் சிப் நெஞ்சுவரை இறங்கியிருந்தது.