மச்சானுடைய குதிரை

இன்று காலை நல்லேப்பிள்ளியில் என் மகள் குதிரை ஏறினாள்.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடுப்பில் பலமில்லை. சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்ததே கிடையாது. குதிரை நடந்தால் மேலே இருப்பவரின் இடுப்பும் நடப்பதுபோலவே அசையும், அதுதான் பயிற்சி என்றார் பிசியோதெரபிஸ்ட் அம்மா.

ஊரில் சாதுவான குதிரை ஒன்றுதான். அது என் மனைவியின் அண்ணனுடையது. வாய்க்கால் மடையை அடைத்து என் இரண்டாம் போகத்தைக் காயவிட்ட அதே மச்சான். அன்றிலிருந்து பேச்சில்லை. நான் மறக்கிற ஆளும் இல்லை.

அந்த அம்மா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, மகளைத் தாங்க எங்கள் இருவரையும் பக்கத்துக்கு ஒருவராக நிறுத்திவிட்டார்.

“கண்ணு, உங்கப்பன்கிட்டச் சொல்லு. முட்டியப் புடிச்சாப் பத்தாது, தொடையப் புடிக்கோணும்” என்றார் மச்சான்.

“எனக்குத் தெரியும்னு உங்க மாமன்கிட்டச் சொல்லு” என்றேன்.

“ரெண்டு பேரும் சும்மா வாங்க. குதிர மிரளுது” என்றாள் மகள்.

தென்னந்தோப்பைப் பாதி சுற்றியதும் கையை எடுக்கச் சொன்னார் அந்த அம்மா. எனக்கு மனம் வரவில்லை. எதிர்ப்பக்கம் மச்சானும் எடுக்கவில்லை.

“அப்பா, விடுங்க. மாமா, நீங்களுந்தான்.”

விட்டோம். குதிரை நடந்தது. அவள் சாயவில்லை, நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க மாப்பிள்ளை, பாத்தீங்களா!” என்றார் மச்சான், நேராக என்னிடமே. கண் கலங்கியிருந்தது.

“ம்” என்றேன்.

இதைப் பேசியதாக எடுத்துக்கொள்வார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.