ஊர்ப்பக்கம் ஏறுகிறவர்கள்

எங்கள் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு ஏறுகிறவர்கள் நான்கே பேர் என்று ஓர் அதிகாரி எழுதிக்கொண்டு போனார். அந்த நால்வரைத் தவிர, அதே நிமிடத்தில், அதே ரயிலில் இன்னும் முப்பத்தி நான்கு பேர் ஏறினோம். அவர் பொய் எழுதவில்லை. அவர் கண்ணில் ஒருவரும் படாமல் பார்த்துக்கொண்டது நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

சித்தூரில் ஏறித் திருப்பதிப் பக்கம் போனால், பாகாலா வருவதற்கு முன்னால் எங்கள் ஊர். ரயில் ஒரு நிமிடம் நிற்கும். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் சித்தூர்க்காரர்களே அது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். இந்த லைனின் வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் பக்தர்களில் ஆரம்பித்து பக்தர்களிலேயே முடிப்பார்கள். காட்பாடியில் வண்டி மாறினார்கள், கோவிந்தா போட்டார்கள், மலைக்குப் போனார்கள், அவ்வளவுதான் கதை. நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் மலைக்குப் போகிறவர் வருடத்துக்கு ஒரு முறை போவார். நாங்கள் வாரத்தில் ஆறு நாள் போகிறோம். எங்களை விட்டுவிட்டு எழுதுகிற வரலாறு எனக்கு வேண்டாம்.

என் நைனா சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போன காலத்தில் ஓடியது மீட்டர் கேஜ் வண்டி. அப்போது பிளாட்பாரம் என்பது ஊரை ஒட்டிய ஒரு மண்மேடு. சாப்பிட்டுக் கை கழுவும்போது வண்டிச் சத்தம் கேட்டால்கூட ஓடிப்போய் ஏறிவிடலாம். நைனா பெரும்பாலும் அப்படித்தான் ஏறுவார். பிறகு லைனை அகலப் பாதையாக மாற்றினார்கள். அந்தக் காலம் முழுக்க வண்டியே இல்லை. நான் ஹைஸ்கூலுக்கு பஸ் படியில் தொங்கிக்கொண்டு போனேன். புதுத் தண்டவாளம் வந்தபோது பிளாட்பாரம் எதிர்ப்பக்கம் போயிருந்தது. அங்கே ஒரு மாந்தோப்பும் நாலு வீடும்தான். ஏன் அங்கே கட்டினீர்கள் என்று பெரியவர்கள் கேட்டதற்கு, அங்கேதான் இடம் இருந்தது என்று பதில் வந்தது. ஊர் இந்தப் பக்கம் இருக்கிறதே என்பது யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் தண்டவாளத்தைக் கடக்க ஒரு கேட் இருந்தது. அதையும் மூடிவிட்டு எங்கோ தள்ளி ஓர் அண்டர்பாஸ் கட்டினார்கள். முறையாக பிளாட்பாரத்துக்குப் போவதென்றால் அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு மழை பெய்தால் அதில் முழங்கால் அளவு தண்ணீர். அதனால் நாங்கள் யாரையும் கேட்காமல், எந்தப் பக்கம் எப்போதும் ஏறி இறங்கினோமோ அந்தப் பக்கமே ஏறி இறங்கினோம். பிளாட்பாரம் இல்லையென்றால் என்ன, ஜல்லி இருக்கிறது. ரயில்வேக்காரர்கள் இதை ராங் சைடு என்பார்கள். நாங்கள் ஊர்ப்பக்கம் என்போம். இடம் மாறியது பிளாட்பாரம். நாங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கிறோம்.

ஜல்லியில் நின்றால் வண்டியின் முதல் படி இடுப்பு உயரத்தில் இருக்கும். ஏறுவதற்கு வசதியாக ஒரு பலகைக் கல்லைக் கொண்டுவந்து போட்டிருந்தோம். முதலில் ஏறுகிறவர் எல்லோருடைய பையையும் வாங்கி வைக்க வேண்டும், அடுத்தவர் மேலிருந்து கை கொடுக்க வேண்டும், கடைசியில் ஏறுகிறவர் "ஆச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். என் மகள் ஏழு மாதமாக வயிற்றில் இருந்தபோது என்னை மூன்று பேர் சேர்ந்து ஏற்றினார்கள். கீழே இருந்து தாங்கியவர் திருப்பதியில் ஒரு ஹாஸ்டலில் சமைக்கிற அக்கா. ஹாஸ்டல் சோற்றுக் குண்டானே இவ்வளவு கனம் இல்லை என்று தினமும் திட்டிக்கொண்டேதான் ஏற்றுவார்.

நான் திருப்பதியில் லேப் டெக்னீஷியன். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் காலையில் எனக்காகக் காத்திருப்பார்கள். அந்த ஒரு ரயிலை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை. பஸ் என்றால் முதலில் பின்பக்கமாகச் சித்தூர் போய், அங்கிருந்து மறுபடி திருப்பதி வர வேண்டும். போய்ச் சேரும்போது காத்திருந்தவர்கள் இட்லி சாப்பிட்டிருப்பார்கள்.

கொரோனா வந்து ரயில் நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியபோது எங்கள் ஊரில் நிற்கவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. சிலர் வேலையை விட்டார்கள். நான் லேபுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்தேன். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மா என்றால் போனில் வருகிற குரல் என்று அவள் பழகிக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. மனு கொடுத்தோம், மனு மேல் மனு கொடுத்தோம். கடைசியில், ஆறு மாதம் சோதனையாக ரயிலை அங்கே நிறுத்துகிறோம், ஆள் ஏறினால் தொடரும் என்று ஆர்டர் வந்தது. அறையைக் காலி செய்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் ஸ்டேஷனில் கமிஷனுக்கு டிக்கெட் விற்கிற அண்ணன் ஊர்க்காரர். ஒரு நாள் சாயங்காலம் அவர் எனக்குப் போன் செய்து, நாளைக் காலை வண்டியில் ஓர் அதிகாரி வருகிறாராம் என்றார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்து அதிகாரி வருவது ஒரே காரியத்துக்குத்தான், ராங் சைடு ஏறுகிறவர்களைப் பிடிக்க. நான் உடனே வாட்ஸ்அப் குழுவில் தகவல் போட்டேன். எல்லோரும் கடைசிப் பெட்டிக்குப் போய்விட வேண்டும், யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கல்லை எடுத்துப் புதரில் மறைத்துவிட வேண்டும். ஒருவர் பாக்கி இல்லாமல் சொன்னபடி செய்தார்கள். அந்த அதிகாரி வண்டியிலிருந்து பிளாட்பாரத்தில் இறங்கி, அந்த ஒரு நிமிடம் பிளாட்பாரத்தின் இரண்டு முனையையும் பார்த்து, நோட்டில் ஏதோ எழுதிவிட்டு, அதே வண்டியில் ஏறிக்கொண்டார். அவருக்கும் எங்களுக்கும் நடுவே முழு ரயிலும் நின்றது. கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று பாகாலா வரை சிரித்தோம்.

மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் சிரித்தோம்.

அவர் ஆள் எண்ண வந்தவர் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. டிக்கெட் அண்ணன் ஒரு காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். ஏறுகிறவர்கள் நான்கு பேர், நிறுத்தம் தேவையில்லை, மாதக் கடைசியோடு சரி. சீசன் டிக்கெட்டை நாங்கள் திருப்பதியிலேயே எடுத்துவிடுவதால் அண்ணன் விற்ற டிக்கெட்டுகளிலும் நாங்கள் இல்லை. அதை லேபில் வைத்துத்தான் படித்தேன். ஒரு நோயாளியின் கையில் ரப்பரைக் கட்டிவிட்டு அவிழ்க்க மறந்து நின்றேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் பிளாட்பாரத்தில் இறங்கி டிக்கெட் ஜன்னல் முன்னால் கூடினோம். உண்மையைச் சொன்னால் ரயில் எங்கள் ஊரில் நிற்கும். ஆனால் அந்த உண்மையே ஒரு குற்றம்.

"எய்திக் குடுத்தா நம்ம மேலயே கேஸு வரும்மா. கம்முனு இரு" என்றார் அண்ணன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். சமையல் அக்கா பையைக் கீழே வைத்தார்.

"கேஸு போட்டா ஒரு நாளு போயி நிப்போம். வண்டி நிக்கலன்னா தெனம் ரோட்ல நின்னுக்கினு இருக்கணும்."

மறுநாள் லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், வாட்ஸ்அப் தகவல் உட்பட. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ராங் சைடு ஏறுவது நேரம் அம்மா என்று தெலுங்கில் சொன்னார். தெலுங்கில் நேரம் என்றால் குற்றம். தமிழ் பேசுகிற வீட்டில் பிறந்து தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு அந்தச் சொல் எப்போதும் இரண்டாகத்தான் கேட்கும். எங்கள் வீட்டுப் பேச்சில் நேரம் என்றால் டைம் சார், ஒரு நிமிடம் நிற்கிற வண்டிக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு வர எங்களிடம் அது இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுத்தில் கொடுத்தால் மேலே அனுப்பலாம், ஆனால் பேர் பேராகக் கேஸ் வரும், உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன், பேசாமல் போய்விடுங்கள் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. மிரட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. பேசாமல் இருப்பது எங்களுக்கு நல்லது என்று இதுவரை எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்.

திரும்புகிற வண்டியில் உட்கார்ந்து தெலுங்கில் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கும் நாங்கள் தினமும் இந்த ரயிலில் பிளாட்பாரம் இல்லாத பக்கத்தில் ஏறுகிறோம், இறங்குகிறோம். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது சமையல் அக்காவுடையது, தமிழில், எழுத்து எழுத்தாக நிறுத்தி. மற்றவர்களிடம் வாங்க மூன்று நாள் ஆயிற்று. ஒருவர் போட்டுவிட்டு ராத்திரி வந்து தன் பெயரை அடித்தார், காலையில் மறுபடி போட்டார். கடைசியில் டிக்கெட் அண்ணன் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். இவர்கள் ஏறுவதை நான் தினமும் பார்க்கிறேன் என்று அடியில் எழுதினார். ஏஜென்சி போய்விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்.

அதிகாரி காகிதத்தை இரண்டு முறை படித்தார். இதில் இருக்கிற அத்தனை பேர் மேலும் கேஸ் போட முடியும், தெரியுமா என்றார். நான் உட்காராமலே சொன்னேன்.

"போடுங்க சார். போடறதுக்கு முன்னாடி எண்ணுங்க."

அவர் காகிதத்தை மேஜையில் விரித்து வைத்தார். பிறகு பேனா மூடியை முதல் கையெழுத்தின் மேல் வைத்து, வாய்க்குள் தெலுங்கில் ஒகட்டி, ரெண்டு, மூடு என்று எண்ணத் தொடங்கினார். அடித்து மறுபடி போட்டிருந்த பெயரில் நின்று, அதையும் சேர்த்துக்கொண்டார். முப்பத்தி நான்கு என்று ஓரத்தில் எழுதி வட்டம் போட்டார்.

நிறுத்தம் தொடரும் என்ற ஆர்டர் முதலில் வந்தது. முப்பத்தி நான்கு சம்மன்கள் அதன் பின்னால் வந்தன. கோர்ட்டில் ஆஜராகச் சொன்ன நாளில் முப்பத்தி நான்கு பேரும் அந்தக் காலை ரயிலில்தான் திருப்பதிக்குப் போனோம். அன்றைக்கும் ஊர்ப்பக்கம்தான் ஏறினோம்.