என் காரின் இரண்டு பெரிய விளக்குகள்

பாறசாலையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மழைக்காலத்தில் வழி சரியாகத் தெரியவில்லை என்று, பழைய பட்டாள வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு பெரிய விளக்குகளை வாங்கி முன்னால் பொருத்தினேன். வெகுதூரம் பகல்போல வெளிச்சம் அடித்தது. எனக்கு ஒரே பெருமை.

எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் சேர்ந்தவர்களைப் போலீஸ் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒருநாள் அந்தி நேரம், வெள்ளறடைப் பக்கம் ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். வளைவில் திரும்பியதும் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். நடுவழியில் ஒரு கட்டில்; அதில் வலியில் துடிக்கும் ஒரு பெண். சுற்றிலும் ஆளே இல்லை.

அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "வெளக்க அணையுங்க அண்ணே. போலீஸ் ஜீப்புண்ணு நெனச்சு, ஒங்க காருக்குத் தூக்கிட்டு வந்தவங்க ஓடிட்டாங்க."

அணைத்துவிட்டு இறங்கி, வழியோரம் ஆள் மறையும் உயரத்துக்கு வளர்ந்திருந்த மரச்சீனிக் கிழங்கு விளையைப் பார்த்துக் கத்தினேன்: "எலே மக்கா, நான் காரோட்டுற செல்லையனாக்கும்! வாங்க!"

முதலில் வந்தவன் அவள் புருஷன். அவள் முகத்தைப் பார்க்காமலேயே கட்டிலின் கால்பக்கத்தைப் பிடித்தான்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த விளக்குகள் எனக்கு வழியைக் காட்டினவே தவிர, வருவது யாரென்று எதிரே இருப்பவர்களுக்குக் காட்டவில்லை. இப்போதெல்லாம் ஊர்வழிக்குள் திரும்பும்போதே அவற்றை அணைத்துவிட்டு, என் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே மெதுவாகப் போகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், யாரும் ஓடாமலிருந்தால் போதும்.