கூப்பிடும் பெயர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சாலையில் உள்ள அந்த அறுபது படுக்கை மருத்துவமனையில் டிஜிட்டல் பிரிவு என்றால் இப்போது காயத்ரி மட்டும்தான். ஆரம்பத்தில் நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சென்னைக்குப் போனார்கள். ஒருவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கிடைத்துக் கிளம்பினான். அவர்களுடைய நாற்காலிகள் எக்ஸ்ரே அறைக்குப் போய்விட்டன. காலையில் மீஞ்சூரில் ரயில் ஏறி, மாலையில் திரும்பி இறங்கும்வரை "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதைத் தவிர வேறெதுவும் பேசாத நாட்கள் அவளுக்கு உண்டு.

செவிலியர்கள் எதையும் முதலில் நோட்டில் எழுதினார்கள். பணி முடியும் நேரத்தில், தண்டம் கட்டுவதுபோலக் கணினியில் ஏற்றினார்கள். மாதக் கடைசிக்குள் நோட்டு ஒழியாவிட்டால் மென்பொருளையும் அவள் பிரிவையும் சேர்த்து மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது.

இருபத்திரண்டாம் தேதி, கையில் வெட்டுக்காயத்தோடு உருக்காலைத் தொழிலாளி ராஜமாணிக்கம் வந்தார். ஆதார் அட்டையைப் பார்த்துப் பதிந்தார்கள். புது நோயாளி, ஒவ்வாமை எதுவும் இல்லை என்றது திரை. ஊசி ஏறும் நேரத்தில் தலைமைச் செவிலியர் முத்தம்மா ஓடிவந்தார்.

"ஏய், நிறுத்துடி! இது எட்வர்ட்டு அண்ணன். போன வருசம் இதே மருந்துல மூச்சு முட்டிக்கினு கெடந்தாரு."

போன வருடம் சர்ச்சில் மயங்கி விழுந்தவரை இங்கே தூக்கி வந்தவர்கள் எட்வர்ட்டு என்ற பெயரைத்தான் சொல்லியிருந்தார்கள்; பதிவும் அந்தப் பெயரில்தான் இருந்தது.

செய்தி கேட்டு ஓடிவந்த காயத்ரியிடம் முத்தம்மா திரும்பினார். "இன்னாம்மா காயத்ரி, உன் பொட்டிக்கு எட்வர்ட்ட தெரியாதாமே? எங்க நோட்டுக்குத் தெரியுது."

வார்டே சிரித்தது.

"சாதி சர்ட்டிபிகேட்ல ராஜமாணிக்கம், கோயில்ல எட்வர்ட்டு. ரெண்டும் நான்தாம்மா" என்றார் அவர். "வலி மட்டும் ஒண்ணுதான். கட்டு போடுங்க."

காயத்ரி அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தப் பக்கத்தில் இரண்டு பெயரோடு வாழ்கிற குடும்பங்கள் எத்தனையோ. அது தெரியாது என்று அவளால் சொல்ல முடியாது. படிவத்தை வரைந்தவளும் அவள்தான். இன்னொரு பெயரைக் கேட்டால், ஏன் என்று தன்னைத் திருப்பிக் கேட்பார்களே என்று ஒரே ஒரு கட்டம் வைத்திருந்தாள்.

மறுநாள் அவளே வார்டுக்குப் போனாள்.

"அக்கா, 'கூப்பிடும் பெயர்'னு ஒரு கட்டம் சேத்திருக்கேன். எந்தப் பேர்ல தேடினாலும் ஒரே ஆள்தான் வருவாங்க. நோட்டுல இருக்கிற பேருக்கு ஆள் யாருன்னு நீங்கதான் சொல்லணும்."

"எரநூறு பேரு இருக்கும்டி. எல்லாம் நீ ஏத்துவியா?"

"ஏத்துறேன்."

"மொதல்ல வேல செய்யுதான்னு பாப்போம். உன் பேரப் போடு."

காயத்ரி என்று தட்டினாள். அடுத்த கட்டம் காலியாக இருந்தது.

"உன்ன ஊட்ல இன்னான்னு கூப்புடுவாங்க?"

மூன்று வருடமாக இந்தக் கட்டடத்தில் யாரும் கேட்காத கேள்வி. தட்டினாள். பிரின்சி.

முத்தம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"அடிப்பாவி, சொல்லவே இல்ல?"

"யாரும் கேக்கல அக்கா."

முத்தம்மா பக்கத்து ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு, நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார்.

"உக்காரு. எழுதிக்கோ. ஞானம்மா, கார்டுல லட்சுமியம்மாள்."