பத்து மூச்சு வார்டன்

முப்பத்தாறு பெண் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் வளர்க்கிற வார்டன் வேலையில் முதலில் தேய்வது தொண்டைதான். உங்களில் யாராவது வார்டனாக இருந்தால் இந்நேரம் தொண்டையைத் தடவிக்கொண்டிருப்பீர்கள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த வருடங்களில் நான் வெள்ளிமலைப் பக்கம் ஒரு விடுதியில் இருந்தேன். என் கத்தலுக்குப் பயந்து ஏழு வயது வள்ளி இரண்டு முறை காட்டு வழியே வீட்டுக்கு ஓடிவிட்டாள். "மூணாவது தபா வந்தா பள்ளிக்கூடம் வாணாம், ஆடு மேய்க்கட்டும்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். ஒரு பிள்ளையின் படிப்பு என் வாயால் கெடுவதா? கள்ளக்குறிச்சியில் நடந்த பயிற்சி வகுப்பில், கோபம் வந்தால் பத்து மூச்சு உள்ளே போய் வருவதைக் கவனித்துவிட்டுப் பேசச் சொன்னார்கள். சரி, அதையும் பார்ப்போம் என்று பஸ் ஏறினேன்.

முதல் நாள்

சாப்பாட்டு வரிசையில் பிள்ளைகள் தட்டில் தாளம் போட்டார்கள். கத்த வாய் திறந்தவள், நினைவு வந்து கண்ணை மூடி மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். கூடம் கப்சிப். வித்தை பலிக்கிறதே என்று பெருமையாகக் கண்ணைத் திறந்தால், முகத்துக்கு நேரே வேப்பிலைக் கொத்து! அதைப் பிடித்திருந்த எட்டாம் வகுப்பு செல்வி பவ்யமாகக் கேட்டாள்: "தாயே, கணக்குப் பரிட்சையில இன்னா கேள்வி வரும்னு சொல்லிட்டு மலையேறு."

சாமைச் சோறு

அதற்கப்புறம் கண்ணைத் திறந்தே மூச்சு எண்ணினேன்; பத்து மூச்சுக் கணக்கு விடுதி முழுக்கத் தெரிந்துபோனது. மறியலில் போராட்டக்காரர்கள் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் அரிசி லாரி அடிவாரத்தோடு நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் சாமை கொடுத்தார்கள். திருக்கோவிலூரிலிருந்து வந்த, சாமை சமைத்துப் பழக்கமில்லாத சமையல்கார அஞ்சலை அதை அரிசி மாதிரியே கொதிக்கவிட்டு வடிக்க, பாதிச் சாமை கஞ்சியோடு போய்விட்டது. நான் அவளையே பார்த்தபடி ஐந்தாவது மூச்சில் இருந்தபோது அஞ்சலை கும்பிட்டாள்: "திட்டணும்னா திட்டிடுங்கம்மா, இப்டி மூச்சு வுட்டுக்கினு பாத்தீங்கன்னா எனக்குப் படபடன்னு வருது."

கவிழ்ந்த குண்டான்

மறுநாள் மதியம், மிச்சமிருந்த பருப்பை எல்லாம் போட்டு வைத்த குழம்புக் குண்டானை வள்ளி ஓடிவந்து இடித்துக் கவிழ்த்தாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். மறியல் என்று கேள்விப்பட்டு, பிள்ளையைப் பார்க்க நடந்தே வந்த அவள் அப்பா அங்கே நின்றிருந்தார். பையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "வா, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் மூச்சை எண்ண ஆரம்பித்திருந்தேன். நாலாவது மூச்சில் கோபம் இறங்கிவிட்டது. அப்புறம் மிஞ்சியதெல்லாம் இவள் போய்விடுவாளே என்ற பயம்தான். கண் நிறைந்துவிட்டது. வள்ளி என்னையே பார்த்து விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். ஏழாவது விரலை மடக்கியதும் பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்: "செத்த இருப்பா, டீச்சருக்கு இன்னும் மூணு மூச்சு பாக்கி இருக்குது."

அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கிறவரை எங்கேயும் ஓடவில்லை, என் தொண்டையும் பிழைத்தது. அதற்குள் நான் விட்ட மூச்சை எண்ணத்தான் அவளுக்கு விரல் போதவில்லை.